கடலுக்குப் பிரெஞ்சு தெரியாது

என்ட அம்மா பிரெஞ்சு கதைச்சதைக் கேட்ட அண்டைக்கு நான் கையில இருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழ போட்டுட்டன். பொய்யில்ல, கோப்பை உடைஞ்சே போச்சு. கிணத்தடியில இருந்து மீன் வெட்டிக்கொண்டு, வேலிக்கு அங்கால நிண்ட அன்னப்பூரணி மாமிக்கிட்ட, "பின்னேரம் ஒராஜ் வரும்போல இருக்குகா, உடுப்பை எடுத்து உள்ள போடு" எண்டு அம்மா சொன்னா. மாமியும் வானத்தைப் பாத்து, ஓம்கா, ன்யுஆஜ் கட்டித்தான் நிக்குது எண்டு சொல்லிட்டுக் கொடியில கிடந்த சாரத்தை உருவினா. ஒராஜ் எண்டா இடிமழை. ன்யுஆஜ் எண்டா முகில். கல்லடியில பிறந்து கல்லடியில வளந்து கல்லடிப் பாலத்தைத் தாண்டுறதெண்டாலே துணைக்கு ஆளைக் கூப்பிடுற ரெண்டு பொம்பிளையள், பாரிசில அயல் வீட்டுக்காரியள் கணக்கா நிண்டு கதைச்சா எனக்கு எப்பிடி இருக்கும் சொல்லுங்க.

ஆனா அதுக்கு மூலகாரணம் நான்தான். அதைச் சொல்ல முதல் எங்கட வீட்டுச் சட்டத்தைச் சொல்ல வேணும்.

ஆம்பிள கடலுக்குப் போயிட்டா, அவன் திரும்பிக் கரையில கால் வைக்கிற மட்டும் காத்து, மழை, இடி, புயல் எண்டு எங்கட வீட்டில பேர் சொல்லப்படாது. பேர் சொன்னா வந்திருமாம். கரைப் பக்கத்தில கன வீட்டில இந்தப் பழக்கம் கொஞ்ச நஞ்சம் இருக்கு, ஆனா என்ட அம்மா, கண்ணகை எண்டு பேர், அவவைப்போல ஆரும் அதைப் பிடிச்சது கிடையாது. கூரை ஒழுகிச் சட்டி வச்சு ஏந்தினாலும் "அது பெய்யுது" எண்டுதான் சொல்லுவா. டீவியில செய்தி முடிஞ்சு வானிலை தொடங்கினா, ஆம்பிள வீட்டில நிண்டாலும் சரி, ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை இல்லாமப் பண்ணிருவா. அந்தப் பொம்பிளப்பிள்ளை வாயை வாயை அசைச்சு இலங்கைப் படத்தைக் கையால தடவும், எங்களுக்கு ஒரு எழுத்தும் கேக்காது. என்ட மகள் சின்னனில மழைப் பாட்டுப் படிச்சதுக்குச் சொண்டில அடி வாங்கினவள்.

எனக்கு ஆறு வயசா இருக்கக்குள்ள அப்பா கடலுக்குப் போய்த் திரும்பல்ல. தோணி மட்டும் பாலமீன்மடுப் பக்கம் ஒதுங்கிக் கிடந்தது. அண்டைக்கு விடியப்புறம் வேலிப் படலையடியில வச்சு, புயல் வரும்போல இருக்கெண்டு அம்மா வாய் தவறிச் சொல்லிட்டாவாம். அவ வாய்தான் அவரைக் கொண்டுபோனதாம். இதை அம்மாதான், அப்பவும் அந்தப் பேரைச் சொல்லாம 'அது' எண்டு, எனக்குச் சொல்லி வளத்தவ, வேற ஆரும் சொல்லல்ல. கேக்கக் கேக்க எனக்கு அழுகையும் வரும், கோவமும் வரும். புயலுக்கென்ன காதா இருக்கெண்டு ஒருநாள் கேட்டுட்டன். அம்மா எழும்பிப் போய், அண்டு முழுக்க என்னோட கதைக்கல்ல.

இனி நௌஷாட் நானாட கதைக்கு வாறன். கல்லடிக் கடற்கரையோட ஒரு சின்ன கெஸ்ட் ஹவுஸ் வச்சிருக்கிறார். காத்தான்குடி முஸ்லிம் ஆள், அங்க அண்ணனை நானா எண்டுதான் கூப்பிடுற, கன காலம் கத்தார்ல ஒரு ஹோட்டல் குசினியில பிரெஞ்சுக்காரச் சமையல்காரனுக்குக் கீழ நிண்டு பேச்சு வாங்கினவர். நான் அங்க அறை துப்பரவாக்கிறதும் விடியச் சாப்பாடு வைக்கிறதும். கொஞ்ச நாளா பிரெஞ்சுக்காரர் வரத் தொடங்கினதும் நானாக்குத் தலை கால் தெரியாமப் போச்சு. வெள்ளைக்காரன் விடிய எழும்பினா முதல் கேக்கிறது வானத்தைப் பத்தித்தான், அந்தப் பாடத்தை மட்டும் படிங்க, மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுறன் எண்டு எங்களை வரிசையா நிப்பாட்டிச் சொல்லித் தந்தார். வெயில் சொலேய். மழை ப்ளுவி. காத்து வோன், அதை மூக்கால சொல்ல வேணும். சுழட்டி அடிக்கிற புயல் தொம்பேத். நல்ல காலநிலை எண்டா இல் ஃபே போ. வந்த விருந்தாளியைப் பாத்துப் போ எண்டு முடிக்கிறதா நானா எண்டு நான் கேட்டதுக்கு, வாய் கூடிப்போச்சு உனக்கு அஜந்தா எண்டு ஏசினார்.

நான் வீட்டில தேங்காய் துருவக்குள்ளயும் மகளுக்குத் தலை இழுக்கக்குள்ளயும் அதையே சொல்லிச் சொல்லிப் பாடமாக்கினன். அம்மா ரெண்டு நாள் பொறுத்துப் பாத்தா. மூண்டாம் நாள், என்ன புள்ள மந்திரம் ஓதுறாய் எண்டு கேட்டா. எனக்கும் குறும்புதான், புயலுக்குப் பிரெஞ்சில தொம்பேத் எண்டு சொல்லுறதெண்டு சொல்லிட்டன். என்ட மனிசன் அண்டைக்குக் கரையிலதான் நிண்டவர், அதால அடி விழல்ல. அம்மா துருவலையைப் பாத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசிச்சா. மறுகா மெல்லமாக் கேட்டா, இந்தப் பாஷை கடலுக்கு விளங்குமா எண்டு.

எனக்குச் சிரிப்பை அடக்க ஏலாமப் போச்சு. கடல் எந்தப் பள்ளிக்கூடத்தில பிரெஞ்சு படிச்சதம்மா எண்டு கேட்டன். அம்மா சிரிக்கல்ல. ஓம், அது தமிழ்க் கடல்தானே எண்டு சொல்லிட்டு, இன்னொருக்கா அந்தச் சொல்லைச் சொல்லெண்டு கேட்டா.

அப்பிடித்தான் தொடங்கினது. ஒரு மாதம் போகல்ல, எங்கட தெரு ஒழுங்கை முழுக்கப் பரவிட்டுது. இத்தின வருசமா வாயைக் கட்டி வச்சிருந்த பொம்பிளையளுக்குக் கட்டவிழ்த்து விட்ட மாதிரி. மீன் வாங்க நிக்கிற இடத்தில, குழாயடியில, கோயில் வீதியில எல்லாம் ப்ளுவியும் வோனும்தான். அன்னப்பூரணி மாமி தொம்பேத்து எண்டு ஒரு வாலும் சேத்துவிட்டா. முந்தி ஏக்கத்தை வயித்துக்குள்ள வச்சிருந்து புழுங்கினவளுகள், இப்ப வாய்விட்டுச் சொல்லி ஒருத்திக்கொருத்தி ஆறுதல் பட்டாளுகள். உண்மையைச் சொன்னா எனக்குப் பெருமையாத்தான் இருந்தது. நௌஷாட் நானாக்குச் சொன்னன், அவர் நம்பல்ல. ஒருநாள் தானே வந்து குழாயடியில நிண்டு கேட்டுட்டு, அல்லாவே எண்டு தலையில கையை வச்சார்.

ஆம்பிளையள்தான் படிக்கல்ல. அவங்களுக்கு இது பகிடி. என்ட மனிசன் ஜெயரூபனுக்கு ரெண்டு சொல்லுச் சொல்லிக் குடுப்பமெண்டா, எனக்கேன் உங்கட பெண்டுகள் பாஷை, நான் கடலையே நேர பாக்கிறவன் எண்டு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்திருவார். நானும் போகட்டுமெண்டு விட்டுட்டன்.

கார்த்திகை மாதம் ஒருநாள் அவர் விடியச்சாமத்திலேயே போயிட்டார். சித்தாண்டியில பெண்சாதி வீட்டில இருந்து வந்த அவர்ட தொழில் கூட்டாளி விஜிதரனும் அவரும் ஒரு போட். சூரை மீன் நல்லாப் படுதெண்டு மற்றப் போட்டுகளுக்கு முதல் போய்ச் சேர வேணுமெண்டு அந்தரம். வானத்தில நட்சத்திரம் தெரிஞ்சது, கடல் சத்தமும் பெரிசா இல்ல. நான் விடிஞ்சதும் வேலைக்குப் போயிட்டன்.

அந்தக் கிழமை ஒரு பிரெஞ்சுக்கார மனிசனும் மனிசியும் வந்து நிண்டாங்க. எங்கட வாவியில ராவில மீன் பாடும் எண்டு ஒரு பேர் இருக்கு, தோணியில போய் அதைக் கேக்க வேணுமெண்டு ஒவ்வொரு நாளும் என்னட்ட வானத்தைக் காட்டிக் கேப்பாங்க. அண்டைக்கு நான் அவங்க கேக்க முதலே, பாண் தட்டை வச்சிட்டு, சிரிச்சுக்கொண்டு, இல் ஃபே போ மதாம் எண்டன். அந்த மனிசி சிரிக்கல்ல. இல்லையெண்டு தலையை ஆட்டிட்டுப் போனை எடுத்து என்ட முகத்துக்கு நேர பிடிச்சா. எங்கட கரை, எங்கட வாவி, அதுக்குக் கிட்ட வெள்ளையா ஒரு சுழி. "தொம்பேத்" எண்டு அந்த மனிசி சொன்னா. விரலால சுழியைத் தொட்டு, நிலத்தைத் தொட்டு, திரும்பவும் சொன்னா.

அந்தச் சொல்லை எத்தினையோ தரம் நான் சொல்லியிருக்கிறன், சொல்லிக் குடுத்திருக்கிறன், அதுக்குப் பின்னால ஒரு சாமான் இருக்கெண்டு அந்த நிமிசம்தான் எனக்கு உறைச்சது. நௌஷாட் நானா ஓடி வந்து, என்ன புள்ள, ராத்திரிச் செய்தியில சொன்னாங்கதானே, இண்டைக்கு ஒருத்தரையும் கடலுக்குப் போக வேணாமெண்டு, உன்ட மனிசன் வீட்டிலதானே எண்டு கேட்டார்.

ராத்திரிச் செய்தி. எங்கட வீட்டு டீவியில அந்தப் பொம்பிளப்பிள்ளை படத்தைத் தடவித் தடவி எதையோ சொன்னது என்ட கண்ணுக்கு முன்னால வந்து நிண்டது. அவர் டீவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சோறு திண்டார். அம்மாட கையில ரிமோட் இருந்தது. நான் வாசல்ல இருந்து மகளுக்குப் பேன் பாத்தன். செருப்பும் போடாம வீட்டை ஓடினன்.

கரையில போட் எல்லாம் மேல இழுத்துக் கட்டிக் கிடந்தது. கோயில் ஸ்பீக்கர்ல ஆரோ கத்திக்கொண்டிருந்தாங்க. எங்கட போட் கிடக்கிற இடம் மட்டும் வெறும் மணல். படலையடியில நிண்டே போன் அடிக்கத் தொடங்கினன். எடுபடல்ல. அடிச்சன், எடுபடல்ல. அம்மா மீன் வெட்டின கையோட எழும்பி வந்தா, என்ட முகத்தைப் பாத்தா. அன்னப்பூரணி மாமி வேலியை விலக்கிக்கொண்டு வந்து நிண்டா. கிழக்கால வானம் ஒரு மாதிரி மஞ்சள் அடிச்சுப்போய்க் கிடந்தது.

எத்தினையாம் தரமோ தெரியல்ல, மணி போச்சு. எடுத்தார். இஞ்சின் சத்தத்துக்கு மேலால, என்னடி இந்த நேரத்தில எண்டார்.

நான் வாயைத் திறந்தன். "தொம்பேத் வருது" எண்டன். "இஞ்ச கேளுங்க, தொம்பேத் வருது."

அவருக்கு விளங்கல்ல. ஆரு வாறது, வெள்ளைக்காரரா எண்டு கேட்டார். விஜிதரன் பின்னால சிரிக்கிறது கேட்டது. நான் 'அது' எண்டன். எது எண்டார். பெரிய அது, உங்களுக்கு விளங்கல்லையா எண்டு கத்தினன். இத்தின காலமும் அம்மாட சட்டத்தைப் பகிடி பண்ணினவள் நான். புயலுக்குக் காது இருக்கா எண்டு கேட்டவள் நான். அந்த மூண்டெழுத்துச் சொல் என்ட தொண்டைக்குள்ள வந்து நிண்டு வெளியால வரமாட்டன் எண்டிட்டுது. அவர் கடலுக்கு நடுவில நிக்கிறார், நான் எப்பிடி அந்தப் பேரைச் சொல்லுற? என்ட வாயால அவருக்கு ஒண்டு நடந்தா? எனக்கே என்னை நம்ப ஏலாமக் கிடந்தது. மாமியைப் பாத்தன், மாமி வாயைச் சீலையால பொத்திக்கொண்டு நிண்டா. ஒழுங்கையே கூடி அந்தச் சொல்லைப் படிச்சம், படிக்க வேண்டியவனுக்கு மட்டும் அது தெரியாது.

கேக்குதில்லடி, வலை இறக்கிட்டம், பின்னேரம் வாறன் எண்டு அவர் வைக்கப் போனார்.

அம்மா என்ட கையில இருந்து போனைப் பறிச்சா. அம்மா மருமகனோட நேர நிண்டு கதைக்கிற ஆளே இல்ல. இன்னும் கொஞ்சம் சோறு போடவா எண்டு கேக்கிறதெண்டாலும் என்னட்டச் சொல்லித்தான் கேப்பா. போனில அவரோட ஒரு சொல்லும் கதைச்சது கிடையாது. மீன் செதில் ஒட்டின கையால போனைக் காதில வச்சு, கடலைப் பாத்துக்கொண்டு, சத்தமாச் சொன்னா.

"மகன், புயல் வருது."

மாமி ஐயோ எண்டா. அம்மா நிப்பாட்டல்ல.

"புயல். புயல் வருது மகன். வலையை வெட்டி விட்டுட்டுக் கிறுகி வாங்க."

இஞ்சின் சத்தத்துக்கு மேலால அவர் அம்மாவுக்கு "ஓம் மாமி" எண்டது கேட்டது. அதோட லைன் அறுந்து போச்சு.

அம்மா போனை என்ட கையில தந்தா. இருவத்தெட்டு வருசமா என்ட காது கேக்க அந்தச் சொல் அவட வாயில இருந்து வந்ததில்ல. அதுவும் ஆம்பிள கடலில நிக்கக்குள்ள. அன்னப்பூரணி மாமி ஒருமாதிரியாப் பாத்துக்கொண்டு தன்ட வீட்டுக்குப் போயிட்டா. அம்மா படலையடியிலேயே குந்தினவதான். மழை தொடங்கினது, எழும்பல்ல. காத்து வந்து முருங்கையை முறிச்சுப் போட்டுது, எழும்பல்ல. நான் குடையைக் கொண்டுபோய்ப் பிடிச்சன், குடை வெளிப்பக்கம் மடிஞ்சு போச்சு. அவர் வராட்டி இந்த மனிசியோட நான் இனி எப்பிடி ஒரு வீட்டில இருக்கிற எண்டு அந்த நேரம் எனக்கு ஒரு நினைப்பு வந்தது. அப்பிடியும் நினைச்சன்.

பின்னேரம், வாவி கடலோட சேருற முகத்துவாரத்தில இருந்து போன் வந்தது, ஆரோ ஒருத்தர்ட நம்பர். அவர்தான் கதைச்சார். கல்லடிக் கரையில ஏற ஏலாதெண்டு முகத்துவாரத்தால வாவிக்குள்ள போட்டை விட்டிருக்கிறார். ரெண்டு பேரும் நல்லா இருக்கிறம், வலை போயிட்டுது எண்டார். நான் போனைப் பிடிச்சுக்கொண்டு நிலத்தில இருந்து குளறினன். வலை போனா மயிராப் போச்செண்டு ஏசினதும் நான்தான்.

அது அடிச்ச அடியை நான் சொல்லத் தேவையில்ல. எங்கட கூரையில அஞ்சாறு ஓடு, குசினிக் கூரைத் தகரம், வேலி முழுக்கப் போச்சு. மற்ற நாள் மத்தியானம் வெயில் எட்டிப் பாத்தது. கரண்ட் இல்ல. நான் விறகு மூட்டிச் சோறும் பருப்பும் ஆக்கி, கருவாடு சுட்டுப் போட்டன். அவர் திண்டுகொண்டு கதையைச் சொன்னார். அம்மாட சத்தம் போனில கேட்டதும் விஜிதரன் கேள்வி கேக்காமக் கத்தியை எடுத்திட்டானாம். மாமி போனில கதைக்கிறாவெண்டா உலகம் அழியப் போகுதெண்டு நினைச்சன் எண்டார். கொஞ்சம் பிந்தியிருந்தா முகத்துவாரத்துக்குள்ள பூந்திருக்க ஏலாதாம். நீ என்னடி தொம்பே தொம்பே எண்டு தொம்பரவு பண்ணினாய் எண்டு என்னைப் பழிச்சுக் காட்டினார். நானும் சிரிச்சன். உயிரோட திரும்பி வந்த மனிசன் பகிடி பண்ணினா ஆருக்குத்தான் கோவம் வரும்.

அந்தச் சிரிப்பிலதான் நான் அம்மாவைப் பாத்துக் கதையை விட்டன். பாத்தீங்களா அம்மா, பேர் சொன்னா வந்து ஆளைக் கொண்டுபோயிரும் எண்டீங்க, நீங்க பேர் சொன்னதாலதானே இவர் வந்து இருந்து சோறு திங்கிறார் எண்டன். அப்பாட விசயத்தில உங்கட வாயில ஒரு பிழையும் இல்லையம்மா, இனியாவது அதை விடுங்க எண்டும் சொன்னன். நல்லதுக்குத்தான் சொன்னன். அவட நெஞ்சில கிடக்கிற பாரத்தை இறக்கி வைக்கிறன் எண்டு நினைச்சுத்தான் சொன்னன்.

அம்மா சோத்தைப் பிசைஞ்ச கையை எடுத்திட்டா.

"நான் சொல்லல்ல" எண்டா.

எனக்கு விளங்கல்ல. நேத்துத்தானே அம்மா சொன்னீங்க, நானும் மாமியும் கேட்டமே எண்டன்.

"உன்ட அப்பாவுக்கு. நான் சொல்லல்ல மகள்."

அவர் திங்கிறதை நிப்பாட்டிட்டார். அம்மா எங்களைப் பாக்கல்ல, சோத்துக் கோப்பையைப் பாத்துக்கொண்டே சொன்னா. அண்டைக்கு விடியப்புறம் கிழக்கால மின்னி மின்னி மஞ்சள் அடிச்சுக் கிடந்ததாம். படலையடியில நிண்டு அவதான் கண்டவவாம். அப்பா துடுப்பைத் தோளில வச்சுக்கொண்டு குனிஞ்சு நடந்தாராம், வானத்தைப் பாக்கல்லையாம். பேர் சொன்னா வந்திருமெண்டு பயந்து அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நிண்டாவாம். அப்பா ஒருக்காக் கிறுகிப் பாத்து, என்ன எண்டு கேட்டாராம். ஒண்டுமில்ல, போயிட்டு வாங்க எண்டு சொன்னாவாம்.

அப்ப வாய் தவறிச் சொன்னனெண்டு எனக்குச் சொல்லி வளத்தது என்ன எண்டு கேக்க வேணும்போல இருந்தது, கேக்கல்ல. சொன்னதால செத்தார் எண்டு இருக்கிறதும், சொல்லாம விட்டதால செத்தார் எண்டு இருக்கிறதும் ஒண்டில்லத்தானே. இத்தின வருசமும் அவ அந்தச் சட்டத்தை அப்பிடி இறுக்கிப் பிடிச்சது ஏனெண்டு அப்பதான் எனக்கு விளங்கினது. சட்டம் பிழையெண்டு ஆகிட்டா, அண்டைக்கு வாயைப் பொத்தினதுக்குச் சாட்டுச் சொல்ல அவவுக்கு ஒண்டும் மிச்சமில்ல. அந்தச் சட்டத்தைத்தான் நேத்து அவ தன்ட வாயால உடைச்சவ, என்ட மனிசனுக்காக.

அம்மா முதல் தரமா அவர்ட முகத்தை நேர நிமிந்து பாத்தா. நான் சொல்லியிருந்தா அவரும் திரும்பியிருப்பாரோ மகன் எண்டு கேட்டா.

அவர் தடுமாறிப் போனார். இல்ல மாமி, அப்பெல்லாம் இஞ்சினும் இல்ல போனும் இல்ல, அந்தக் காலத்து ஆக்கள் ஆர்ட சொல்லையும் கேக்கமாட்டாங்க, சொல்லியிருந்தாலும் போயிருப்பார்தான் எண்டு அவசர அவசரமாச் சொன்னார். பாவம், அவருக்குப் பொய் சொல்ல வராது.

அம்மா கேட்டுக்கொண்டிருந்தா. மறுகா கையைக் கழுவிக்கொண்டு எழும்பினா.

"நீங்க திரும்பினீங்கதானே மகன்" எண்டா.